கொலோன் வாசலில் கழற்றிய சப்பாத்து

1977 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை. அவுஸ்திரேலியாவின் கிளென் வேவர்லியில் கோடைகாலம்; மாலை ஏழு மணிக்கும் வெயில் இறங்கவில்லை. காய்ந்த உடுப்புகளை எடுக்க வெளியே வந்த விமலாதேவி, வாசற்படியில் மகளின் சிவப்புச் சப்பாத்துகளைக் கண்டாள். அவற்றுக்குள் ஒரு பிடி உறைபனி இருந்தது. மகள் சத்தியபாமா பள்ளிக்கூடப் பரிமாற்றத்தில் ஜேர்மனிக்குப் போய் ஒரு மாதமாகிறது. அந்தச் சப்பாத்துகளோடுதான் விமானம் ஏறினாள்.

விமலாதேவி பனியைத் தட்டிக் கொட்டினாள். பள்ளிக்கூட நாட்களில் செய்வதுபோல, நுனி தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோ."

கணவர் ஆனந்தராஜா கதிரையை விட்டு எழும்பி வந்தபோது, படியில் இரண்டு ஈரத் தடங்கள்தான் இருந்தன. அவையும் காய்ந்துகொண்டிருந்தன.

"வெயிலுக்கை கனநேரம் நிண்டிட்டீர்," என்றார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. அவரே உரத்து வாசித்தார்.

"அம்மா, இண்டைக்கு ஞாயிறு. காலமை கொலோன் நகரம் பாக்கப் போனனாங்கள். அங்கத்தைப் பெரிய தேவாலயத்துக்குள்ளை போகேக்கை, எங்கடை கோயில் பழக்கத்திலை சப்பாத்தை வாசலிலை கழட்டிப் போட்டன். எல்லாரும் சிரிச்சவை. திரும்பி வர, படியெல்லாம் பனி மூடிக் கிடந்தது. என்ரை சப்பாத்திலை மட்டும் இல்லை. ஆரோ நான் போட வசதியாத் திருப்பி வைச்சிருந்தினம். காலை உள்ளுக்கை வைச்சன். எங்கடை வீட்டு வாசற்படி மாதிரிச் சுட்டது."