எண்பத்து நாலு பக்கம்

பட்டியலின் கடைசி வரிக்குக் கீழே ராஜமணி சார் அழுத்தி இரண்டு கோடு போட்டார். 'சபைச் சரித்திரம், 84 பக்கம்.'

"மத்தது எது போனாலும் சகிச்சுக்கிடுவேன். இது மட்டும் போகப்பிடாது மக்ளே. மூணு வருச உழைப்பாக்கும்" என்றார். ரிட்டயர்ட் தமிழ் வாத்தியார். சொன்னதையே இரண்டு தரம் சொன்னார்.

"ஒண்ணும் போகாது சார். வெளியே போர்டு கண்டீங்களா?" என்றாள் ஷீனா.

பழவங்காடியில் அவள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை திறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் அவளே பெயின்ட் அடித்து மாட்டிய பலகை: 'எது செய்தாலும் உங்கள் ஃபைல் போகாது.' அந்த ஒரு வரியை நம்பித்தான் கரமனையிலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். அது பொய்த்தால் கடையை மூட வேண்டியதுதான்.

கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. என்னென்ன ஃபைல், என்னென்ன புரோகிராம் என்று லேப்டாப் கொண்டுவந்தவரே தன் கையால் எழுதித் தர வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி டிக் போடுவாள்.

சாரின் லேப்டாப்பை ஓட்டிய லினக்ஸ் ஆறு வருடப் பழசு; அதை மாற்றிப் புதுசு போடத்தான் கொண்டுவந்திருந்தார். ஷீனா முதலில் ஃபைல்களை எல்லாம் சிடியில் காப்பி எடுத்தாள். அவை கிடந்த பகுதியைத் தொடாமல், மற்றதை மட்டும் அழித்துவிட்டுப் புது லினக்ஸைப் போட்டாள். பழைய புரோகிராம்களையும் ஒன்று விடாமல் திரும்ப ஏற்றினாள். வேலைக்கு முன்னால் எண்ணியபோது 316 ஃபைல். முடித்துவிட்டு எண்ணினாலும் 316. நிம்மதியாக ஒரு டீ குடித்தாள்.

சனிக்கிழமை சார் வந்தார். கூடவே சபையின் நூற்றாண்டு மலர்க் கமிட்டிச் செயலாளர் ஞானையனும் வந்தார். மலர் முழுக்கத் தயார். சாரின் சரித்திரத்துக்காகத்தான் அச்சகத்தில் காத்துக் கிடந்தது.

ஷீனா டிக் போட்டுக்கொண்டே வந்தாள். கீர்த்தனைகள் இருந்தன, மகள் கல்யாண போட்டோ இருந்தது, தமிழில் டைப் செய்யும் புரோகிராமும் இருந்தது. சபைச் சரித்திரம் இல்லை.

லேப்டாப் முழுக்கத் தேடினாள். சிடியிலும் தேடினாள். எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் யோசித்தாள். ஆனால் சார் கைப்பட எழுதி, கோடு வேறு போட்டிருக்கிறார். எங்கேயோ தனக்குத்தான் கை தவறிவிட்டது என்று முடிவு கட்டினாள்.

"போச்சா?" என்றார் ஞானையன். "கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

ராஜமணி சார் நெஞ்சில் கை வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். "பிள்ளையைத் திட்டாண்டாம் ஓய். வேணும்னேயா செய்தா? கமிட்டிக்குக் காட்ட ஒரு லெட்டர் மட்டும் எழுதித் தா மக்ளே, புதுசு போட்டதில போச்சுன்னு. சீல் வச்சுத் தா."

"என்ட தப்புதான் சார்" என்று எழுதிக் கொடுத்தாள் ஷீனா. சீல் கோணலாக விழுந்தது.

ஞானையன் இரண்டு தரம் படித்துவிட்டு லெட்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "செரி, என்ன செய்ய. மலரைக் கிறிஸ்மசுக்குத் தள்ளி வைப்போம். நீரு பைய திரும்ப எழுதும்" என்று சாரின் தோளைத் தட்டிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார். சாரும் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே இறங்கினார்.

இனி அந்தப் பலகையை எந்த முகத்தோடு தொங்கவிடுவது? ஷீனா ஸ்டூலை வாசலுக்கு இழுத்துப் போட்டு ஏறினாள். பலகையை ஆணியிலிருந்து தூக்கும்போது கீழே யாரோ செருமினார்கள்.

ராஜமணி சார் இன்னும் போகவில்லை. லேப்டாப் பையை அணைத்துக்கொண்டு அவளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஞானையன் போன பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அதை எறக்காண்டாம் மக்ளே" என்றார் தணிந்த குரலில். "எழுதியிருந்தாத்தானே போகும்."