இருநூற்றுப் பத்துப் பேர்

"தலைய நிமித்தாதீங்க. மேல் வீட்டு சர்வேயர் வந்திருக்கார்."

கணவன் உடனே நிமிர்ந்து பார்த்தான். மனைவி சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆட்டிசம் ஆலோசனை மையத்தின் கூடம் காலையிலேயே நிரம்பியிருந்தது. கடைசி வரிசை மூலையில், சுவரைப் பார்த்தபடி சர்வேயர் உட்கார்ந்திருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. சட்டைப் பையில் நீளமாக ஒரு வெள்ளைக் கவர்.

"நம்மளப் பத்தி ஓனருக்குப் புகார் எழுதிப் போடுவாரே, அதே கவர்தாங்க," என்றாள். "இன்னொரு லெட்டர் வந்தா காலி பண்ணிடணும்னு ஓனர் சொல்லிட்டார். மூணு வருஷத்துல இது மூணாவது வீடு. இதுவும் போனா இவனக் கூட்டிக்கிட்டு எங்க போறது?"

"அவர் எதுக்கு இங்க வந்தார்?"

"நம்மள வேவு பாக்கத்தான். பையனுக்குப் பேச்சு கொஞ்சம் லேட்டு, வேற ஒண்ணுமில்லன்னு கட்டடம் பூரா சொல்லி வெச்சிருக்கேன். வாசல்ல இவ்வளவு பெரிய போர்டு. படிச்சிருக்க மாட்டாரா?"

"காதுல பஞ்சு வேற."

"நாம இருப்போம்னு தெரிஞ்சே வெச்சிட்டு வந்திருக்கார்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவள் படும் பாடு அவளுக்குத்தான் தெரியும். யாராவது வீட்டுக்கு வந்தால் மகனைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்துவாள். வந்தவர்கள் போனதும், பெற்ற பிள்ளையை ஒளித்து வைத்தோமே என்று வெட்கப்பட்டு அழுவாள். பள்ளிக்கூட வாசலில் ஒரு பையனின் அம்மா, "அந்த லூசுப் பையன் பக்கத்துல உக்காராத" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த அம்மாவை வாய் வலிக்கும்வரை சபித்தாள்.

ஏழு வயது மகன் இப்போது தரையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். வீடு என்றால் கையில் சாப்பாட்டுத் தட்டு இருக்கும். பள்ளி விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் தட்டைத் தரையில் தட்டினால்தான் அவனுக்கு மனசு ஆறும். சர்வேயர் அதைத்தான் ஓனருக்கு எழுதுவார். 'செவ்வாய், 4.10 முதல் 4.22 வரை. புதன், 4.07 முதல் 4.31 வரை.' அவ்வளவுதான். வணக்கமும் கிடையாது, இப்படிக்கும் கிடையாது.

போன மாதம் படிக்கட்டில் அவரை மறித்துக்கொண்டு, "நீங்கல்லாம் மனுஷனா? சரியான லூசு" என்று கத்திவிட்டாள். அவரோ அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் மின்சார மீட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தத் திமிர்தான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

கூடத்தில் ஒரு சிறுமி ஒவ்வொருவரிடமும் போய்ப் பிறந்த நாள் கேட்டு, அது என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு பையன் யாரையும் பார்க்காமல் அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்திருந்தான்.

"எல்லாருக்கும் ஒரே பேரத்தான் சொல்றாங்க. ஆனா ஒருத்தர மாதிரி ஒருத்தர் இல்லையே," என்றான் கணவன்.

மகன் மூடியை விட்டுவிட்டுப் பாட்டிலைத் தரையில் தட்ட ஆரம்பித்தான். சர்வேயர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். நேராக இவர்களை நோக்கி வந்தார்.

அவள் பாட்டிலைப் பிடுங்கினாள்.

அவரோ அவர்கள் தலைக்கு மேலிருந்த விளம்பரத் தாளைப் படித்தார்.

"நூறு பேருக்கு ஒருத்தர்னு போட்டிருக்கு," என்றார் சுவரிடம். "நம்ம கட்டடத்துல இருநூத்திப் பத்து பேர். அப்ப ரெண்டு பேர் வரும்."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை பேர் நடுவில் குத்திக்காட்டுகிறாரே. மானம் போனது போனதுதான், இனி எதை மறைத்து என்ன?

"ஆமா சார், ஒருத்தன் என் பையன்தான். இதையும் அந்தக் கவர்ல எழுதிப் போட்டுடுங்க."

"இதுல அது வராது."

"ஏன், அந்த ரெண்டாவது ஆளையும் கண்டுபிடிச்சு, சேர்த்தே எழுதலாம்னு வந்தீங்களா?"

சர்வேயர் கொஞ்சம் யோசித்தார். "கண்டுபிடிக்கத்தான் வந்தேன்," என்றார்.

"கேட்டீங்களாங்க? அவர் வாயாலயே சொல்லிட்டார்," என்று அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

அதற்குள் டாக்டர் அறைக் கதவு திறந்தது. உதவியாளர் பெண் எட்டிப் பார்த்தாள். "டோக்கன் பதினொண்ணு யாருங்க?"

சர்வேயர் போய்க் கவரை நீட்டினார். "எந்தெந்தச் சத்தம் தாங்க முடியலன்னு நேரம் போட்டு எழுதிட்டு வரச் சொன்னாங்க. இவ்வளவு நாளா ஓனருக்கு எழுதிட்டிருந்தேன். அது தப்பான அட்ரஸ்."

"சரி சார். குழந்தை எங்க?"

"குழந்தை இல்ல, எனக்குத்தான். அம்பத்திமூணு வயசு. கீழ் வீட்டுப் பையனப் பார்த்த பிறகுதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு."

கதவு மூடிக்கொண்டது. "அடுத்தது நாமதான், எந்திரி," என்றான் கணவன். அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பள்ளிக்கூட வாசலில் 'லூசு' என்று சொன்ன அந்த அம்மாவுக்கு அவள் விட்ட சாபம் ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவு வந்துகொண்டிருந்தது.