இரை தொடாத மீன்

"ரயிலுக்கு நேரமாகுது தம்பி. சாகப்போற மீனைக் காட்டவா என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

அக்காவின் தோளில் குழந்தை. காலடியில் அதன் துணிப்பை. தங்கை பிரசவத்தில் போய்விட்டாள். "என் ரெண்டோட மூணா இதுவும் வளரட்டும்" என்று கிளம்பிவிட்டாள் அக்கா. தங்கையின் கணவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் வண்டியைத் தான் வேலை பார்க்கும் மீன் ஆய்வுக்கூடத்துக்குத் திருப்பினான், அவ்வளவுதான்.

"சாகாதுக்கா."

"முள்ளுதான் மிச்சம். இரை மூக்குமேல மிதக்குது, திரும்பிப் பார்க்கல. உங்களை மாதிரியே!"

"பசிக்காது. பசியைத் தூண்டுற ஹார்மோன் இப்ப அதுக்குக் குறைஞ்சு கிடக்கு. அதைத்தான் அளந்துட்டிருக்கேன்."

"என்ன நோயாம்?"

"நோயில்ல. வாய்க்குள்ள குஞ்சுங்க இருக்கு."

அக்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள். மீனின் தாடை உப்பியிருந்தது. வாய் மெல்லத் திறந்தது. நகத்தளவுகூட இல்லாத குஞ்சுகள் பொலபொலவென்று வெளியே வந்தன. அவன் தொட்டிமேல் கையை அசைத்தான். நிழல் பட்டதுதான் தாமதம், அத்தனையும் அந்த வாய்க்குள்ளேயே பாய்ந்து புகுந்துகொண்டன.

"அம்மாடி! முழுங்கிடாதா?"

"முழுங்காது. அதுங்க தானா நீந்திப் பிழைக்கிற வரைக்கும் பட்டினிதான்."

குழந்தை சிணுங்கியது.

"இடது தோளுக்கு மாத்துங்கக்கா. அதுலதான் தூங்குவா."

மாற்றினாள். குழந்தை அடங்கிவிட்டது. அக்காவுக்குக் கண் நிறைந்தது.

"வயித்தைக் காயப்போட்டு வளர்க்குது பாருங்க. பெத்தவளுக்குத்தான் அந்த மனசு வரும். அவ இல்ல, நான் இருக்கேன். நீங்க வேலைக்கு ஓடுவீங்களா, பால் கலக்குவீங்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க தம்பி, ஒரு ஆம்பளையால இதெல்லாம் ஆகுமா?"

அவன் தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தாய் முட்டை போட்டதோட போயிடுச்சுக்கா. இது அப்பன்."

அக்கா மீனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு தூங்குகிற குழந்தையை அலுங்காமல் அவனுடைய இடது தோளில் சாய்த்துவிட்டு, துணிப்பையைத் தான் தூக்கிக்கொண்டாள். "வீட்டுக்கு நடங்க தம்பி, கொஞ்ச நாள் நானும் கூட இருந்துட்டுப் போறேன்."