வெளுத்துக் கட்டியவர்

"கோட்டுல பொத்தானைக்கூட எண்ணலாம் போல இருக்கே, மாப்பிள்ளை" என்றார் மச்சான், மாப்பிள்ளையின் திரையில் இருந்த படத்தைப் பார்த்து. வாய்தான் சிரித்தது, வயிறு எரிந்தது.

"எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுதான், மச்சான்" என்றான் மாப்பிள்ளை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த அச்சகத்தில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். அதாவது, தங்கையின் கணவனை அவரே சிபாரிசு செய்து ஸ்கேன் அறையில் கொண்டுவந்து உட்கார வைத்த நாள் வரைக்கும். வந்தவன் சிரித்துப் பேசியே எல்லாரையும் கவிழ்த்துவிட்டான். அவன் "மச்சான், மச்சான்" என்று கூப்பிடப்போய், டீ கொண்டு வருகிறவர் முதற்கொண்டு அவரை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மாஸ்டர் போய் மாப்பிள்ளைக்கு மச்சான் ஆனதில் அவருக்கு ஏகக் கடுப்பு.

இப்போது பதவிக்கும் ஆபத்து. அச்சுத் தகடு எடுக்கப் புதிதாக வந்திருக்கும் உயர்ரக பிளேட் மெஷினுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பள்ளிக்கூட மலர் ஒன்றுக்கு வந்திருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை இருவரிடமும் காட்டினார் முதலாளி. கறுப்புக் கோட்டும் கறுப்புக் குடையுமாகத் தலைமையாசிரியர் ஒருவர் இருண்ட வாசலில் நிற்கிற படம்.

"ரெண்டு பேரும் தனித்தனியா ஸ்கேன் பண்ணிக் குடுங்க. அச்சுல யாரோடது நல்லா வருதோ, மெஷின் அவர் பொறுப்பு."

கறுப்பைக் கறுப்பாக வைத்தால்தான் படம் எடுப்பாக இருக்கும் என்பது மச்சானின் கட்சி. பழைய மெஷினில் அப்படித்தான் பேர் வாங்கினார். இப்போதும் அவருடைய படம் திரையில் கன்னங்கரேலென்று ஜோராகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் படத்தில் அதே கறுப்பு, அதற்குள்ளேயே பொத்தான், குடைக் கம்பி, கோட்டின் மடிப்பு எல்லாம் தெரிந்தன. அவருக்குப் பொறுக்கவில்லை.

"சாப்பிட்டுட்டு வாங்க மாப்பிள்ளை. உங்க படத்தையும் நானே அனுப்பிடறேன்."

"நீங்க சாப்பிடலையா?"

"எனக்கு வயிறு சரியில்ல."

அது பொய்யில்லை.

கதவு சாத்தியதும் மச்சான் மாப்பிள்ளையின் படத்தில் கை வைத்தார். கறுப்பைக் குறைத்தார். போதவில்லை, இன்னும் குறைத்தார். கோட்டு சாம்பல் நிறமாயிற்று. குடை வெளிறியது. தலைமையாசிரியர் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போல ஆனார்.

"இப்ப எண்ணுடா பொத்தானை" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு படங்களையும் பிளேட்டுக்கு அனுப்பினார்.

மாலையில் மெஷின் ஹாலில் ஒரே கூட்டம். மச்சான் வாசலை நெருங்கும்போதே முதலாளியின் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை வெளுத்துக் கட்டிட்டார்ப்பா."

'வெளுத்து' என்று காதில் விழுந்ததுமே மச்சானுக்கு உச்சி குளிர்ந்தது. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"புதுசுதானே, விடுங்க முதலாளி. அடுத்த தடவை கவனமா செய்வார்."

"என்ன பேசறீங்க? இங்க பாருங்க."

மேஜையில் இரண்டு தாள்கள். மச்சானுடையதில் கோட்டு, குடை, வாசல் எல்லாம் ஒரே கரி. தலைமையாசிரியரின் முகம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. இன்னொன்றில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது, கோட்டின் நூலிழைகூடத் தெரிந்தது.

"இந்த மெஷின் படத்தைப் பொடிப்புள்ளியா போடுது. நெருக்கமான புள்ளி. மை காகிதத்துல பட்டதும் பரவி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். திரையில வெளுத்து வச்சாத்தான் தாள்ல சரியா வரும். இது தெரிஞ்சவருக்குத்தான் மெஷின்" என்று மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார் முதலாளி.

அது என் கைவேலை என்று மச்சான் எப்படிச் சொல்வது? மாப்பிள்ளை படத்தை ஏன் தொட்டீர்கள் என்று கேட்டால்?

மாப்பிள்ளை தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தான்.

"இது நான் செஞ்சதில்ல, முதலாளி. நானும் கறுப்பாத்தான் வச்சிருந்தேன். சாப்பிடப் போனப்போ அறையில மச்சான் மட்டும்தான் இருந்தார்."

எல்லாரும் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்கள். வேலை போயிற்று, இனி தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது?

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"தங்கச்சி புருஷன் முன்னுக்கு வரணும்னு, தன் படம் கரியா போனாலும் பரவாயில்லன்னு விட்டுட்டு, என் படத்தை யாருக்கும் தெரியாம திருத்திக் குடுத்திருக்கார். மெஷினை மச்சானுக்கே குடுங்க."

முதலாளி அப்போதே மெஷினை மச்சானிடம் ஒப்படைத்தார். "கைக்கு வந்த பதவியை விட்டுக் கொடுக்க மாப்பிள்ளையைத் தவிர யாருக்கு மனசு வரும்" என்று கூட்டம் மொத்தமும் அவனைச் சூழ்ந்துகொள்ள, மெஷின் பக்கத்தில் தனியாக நின்ற மச்சானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.