ஒரு முடி கூட உள்ள வராது

"மனுஷங்களா சார் அவங்க? வெளிய மைனஸ் முப்பது. நாயைக் கொண்டுபோய் கராஜ்ல போட்டு வெச்சிருக்காங்க."

போன்ல பொரிஞ்சு தள்ளினது டார்லா. கேட்டுக்கிட்டு இருந்தது வெஸ். கனடாவுல, சாஸ்கட்டூன் ஊர்ல நாய்க்கு அநியாயம்னு யாரு கூப்பிட்டாலும் வண்டியை எடுத்துட்டுப் போற ஆளு.

"யாரும்மா அவங்க?"

"பக்கத்து வீடு. லெஸ்யா, நெஸ்டர்னு வயசான ஜோடி. என் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது சார். ஸ்கூல் விட்டா என் பையன் டெவன் அவங்க வீட்டுலதான் இருப்பான். நான் டியூட்டி முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போவேன்."

"அப்போ நல்லவங்கதானே?"

"மனுஷங்களுக்கு நல்லவங்க. நாய்னா கல்லு மனசு. நான் குடி வந்த புதுசுல கேட்டேன், நாய் வீட்டுக்குள்ள வருமான்னு. 'ஒரு முடி கூட உள்ள வராது'ன்னு என்ன பெருமையா சொன்னாங்க தெரியுமா? அதைத் தூக்கிட்டுப் போய் வேற நல்ல வீடா பாத்துக் குடுங்க சார்."

வெஸ் போனான். லெஸ்யா கதவைத் திறந்து, வாசல்ல கூண்டோட நின்ன வண்டியைப் பாத்தாங்க.

"நில்லு தம்பி. நாய் ஆபீஸா?"

பதிலுக்குக் காத்திருக்கல. பசைப் பேப்பர் சுத்துன உருளை ஒண்ணை எடுத்து அவன் கோட்டு மேல உருட்ட ஆரம்பிச்சாங்க. முன்பக்கம் முடிஞ்சதும், "திரும்பு"ன்னாங்க. தோசை மாதிரி திரும்பினான்.

"மேடம், நான் விசாரணைக்கு வந்திருக்கேன்."

"விசாரி. காலைத் தூக்கிட்டு விசாரி."

உள்ள, வீடு ஆபரேஷன் தியேட்டர் கணக்கா மின்னுச்சு. சோபாவுல உக்காரவே அவனுக்குப் பயம்.

"நாய் எங்க?"

லெஸ்யா முகம் சுருங்கிப்போச்சு. "கராஜ்ல. எடுத்துட்டுப் போயிடுவியா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

பாக்கறதுக்கு என்ன இருக்கு? வண்டியில கூண்டைத் திறந்து வெச்சுட்டுத்தான் வந்திருக்கான்.

கராஜ் கதவைத் திறந்ததும் குப்புனு சூடு அடிச்சுது. உள்ள ஹீட்டர், கம்பளம், கட்டில், டிவியில நேத்து நடந்த ஹாக்கி ஆட்டம். சோபாவுல நெஸ்டர். அவர் மடியில ஒரு வெள்ளை மூட்டை. உத்துப் பாத்தா நாய். யாருது தாடி, யாருது வாலுன்னே தெரியல. அவ்வளவு முடி.

"மெதுவா பேசு. இப்பத்தான் தூங்குறான்."

வெஸ் நாயைக் கட்ட எடுத்துட்டு வந்த கயித்தைச் சுருட்டி பாக்கெட்டுல போட்டான். "என் வீட்டை விட இங்க சூடா இருக்கே. உங்களையும் சேத்துத் துரத்திட்டாங்களா?"

"நானா வந்தேன். தனியா விட்டா அழுவான். சாப்பாடு, தூக்கம் எல்லாம் எனக்கும் இங்கதான். குறட்டை விட்டது யாருன்னு தினம் ஒரு சண்டை."

"வீட்டம்மாவுக்கு நாய்னா ஆகாதோ?"

"அவளுக்கா? கோடை முடியுற வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் படுத்திருந்தான். இப்பவும் தினம் வந்து கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிட்டு, குளிச்சு, உடுப்பு மாத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள போறா."

"அப்புறம் எதுக்குய்யா இவ்வளவு கூத்து?"

நெஸ்டர் எட்டிக் கதவைச் சாத்தினாரு.

"பக்கத்து வீட்டுப் பையனுக்கு நாய் முடி பட்டா மூச்சு இழுக்கும். அவங்கம்மா வந்து, நாய் உள்ள வருமான்னு கேட்டா. வரும்னா அவ புள்ளையை எங்க கொண்டு விடுவா, ஒத்தைப் பொம்பளை? என் பொண்டாட்டி பட்டுனு வராதுன்னுட்டா. அன்னைக்கே நானும் இவனும் இங்க குடி வந்துட்டோம். தம்பி, இதை மட்டும் அந்த டார்லா காதுல போட்டுடாத. சங்கடப்படுவா. இந்த நாய்னா அவளுக்கு அவ்வளவு பாசம்."