அப்புறம்னு அமுக்குற விரல்

"என்னைக் குத்தம் சொல்ல நீ யாருடா? செவுத்துல தொங்குற உனக்கு என்ன தெரியும்? அவ விரல் 'சரி'ன்னு அமுக்காம, உள்ள இருக்குறத நானா கிளவுட்ல ஏத்த முடியுமா?"

சார்ஜர்மேல எகிறுச்சு ஷோபிகாவோட போன்.

"பேக்கப் எடுக்கவான்னு தெனமும் கேக்குறேன். என்ன கேக்குறேன்னுகூடப் படிக்காம 'அப்புறம்'னு அமுக்கிட்டுப் போறா, மகராசி!"

போனுக்குப் பேட்டரி வீங்கி முதுகு மூடி தூக்கிட்டு நின்னுச்சு. எப்ப மூச்சு நிக்கும்னு தெரியாது. தான் போறதப் பத்தி அதுக்குக் கவலையில்ல. கவலையெல்லாம் உள்ள இருக்குற ஒரு வீடியோவப் பத்தித்தான். ஷோபிகாவோட அம்மா மொதமொதல்ல ஸ்கூட்டி ஓட்டுறாங்க. "அடியே, பிரேக்கு எங்கடி?"ன்னு கத்திக்கிட்டே வேலியில முட்டி, எந்திரிக்க முடியாம சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புக்கு வேற எங்கயும் காப்பி கெடையாது. ஹாஸ்டல்ல வீட்டு ஞாபகம் வந்தா ஷோபிகா அதைத்தான் போட்டுப் பாப்பா. அவ சிரிக்கிறப்ப அவ கையில போனும் சேந்து குலுங்கும்.

மறுநாள் கிளாஸ்ல செமினார். போனை புரொஜெக்டர்ல மாட்டிட்டு ஷோபிகா பேச ஆரம்பிச்சா. வாத்தியாரு, பசங்க, எல்லாரும் செவுத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. இதை விட்டா வேற நேரம் வாய்க்காதுன்னு போனுக்குத் தோணுச்சு. அவ ஸ்லைடை ஒதுக்கித் தள்ளிட்டு, செவுரு முழுக்கப் பெரிய எழுத்துல வந்து நின்னுச்சு.

"ஷோபிகா, பேக்கப் எடுக்கட்டுமா? மொத்த கிளாஸும் பாக்குது. சத்தமா பதில் சொல்லுடி!"