சத்தமில்லாத குண்டு

"என்ன மியாகோ, துப்பாக்கிக்குக் காய்ச்சலா? இப்படிப் போர்த்தி வச்சிருக்க!"

கொண்டோ கேட்டதும் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மியாகோ கண்டுகொள்ளவில்லை. கேஸும் குண்டும் நிரப்பிய துப்பாக்கி மேகசினைச் சூட்டுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கம்பளியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். ஜனவரி மாதத்துச் சிபா காட்டில் எல்லோருக்கும் பற்கள் தந்தியடித்தன.

பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுதான். ஆனால் கடைசிச் சுற்றில் கடைசிவரை நிற்பவருக்குக் கோப்பையும், வசந்தகாலப் போட்டியில் அணியில் மறைந்திருந்து சுடும் ஒரே ஸ்நைப்பர் என்ற இடமும் கிடைக்கும். அந்த இடத்தைக் கொண்டோ ஐந்து வருடமாக யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மியாகோவுக்கு அது வேண்டும். வெளிப்படையாகவே வேண்டும்.

"கேஸ் துப்பாக்கி வெயில் காலத்துக்குத்தாம்மா லாயக்கு. குளிர் வந்தா அதுக்கு மூச்சு வாங்கும். முதல் குண்டு ஒழுங்காப் போகும், அடுத்தது நொண்டும். என் ஸ்பிரிங் துப்பாக்கியப் பாரு. மழையோ பனியோ, ஒரே அடி. பட்டா 'டொக்'னு கேக்கும்."

"கேக்கும், கேக்கும். ஒவ்வொரு தடவையும் நீங்க அந்த ஸ்பிரிங்க இழுக்கிற இழுப்புல புதரே ஆட்டம் போடுதே கொண்டோ சான்! என்னோடதுக்கு ரெண்டு விரல் போதும். சுட்டா பக்கத்துல இருக்கிற குருவிகூடப் பறக்காது."

இப்போது சிரிப்பு கொண்டோ பக்கம் திரும்பியது. அவர் விடுவாரா? அவளுடைய குண்டு டப்பாவை எட்டிப் பார்த்தார். உள்ளே எல்லாம் இளஞ்சிவப்பு.

"இது என்ன, மிட்டாயா?"

"கனமான குண்டு. கடையில இந்தக் கலர்லதான் இருந்துச்சு."

அந்தக் காட்டு மைதானத்தில் மற்ற எல்லோரிடமும் வெள்ளைக் குண்டுதான். கொண்டோ தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கடைசிச் சுற்றில் ஒவ்வொருவராக வெளியேற, அவர்கள் இருவரும்தான் மிஞ்சினார்கள். மியாகோ சருகுக்குள் படுத்துக் கிடந்தாள். சூட்டுப் பொட்டலம் எப்போதோ ஆறிப்போயிருந்தது. உருப்படியாக ஒரு குண்டுக்குத்தான் கேஸ் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தேவதாரு மரத்தின் பின்னால் கொண்டோ வந்து நின்றார். அவளுக்கு முதுகு தெரிந்தது. கம்பளி வைத்துத் தைத்த ஜாக்கெட்டின் தலைமூடி பின்கழுத்தில் பைபோலத் தொங்கியது.

சுட்டாள். 'புஸ்' என்ற சத்தம் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. குண்டு களைத்துப்போய் வளைந்து பறந்து, அவர் பின்கழுத்தருகே இறங்கி மறைந்ததைத் தொலைநோக்கியில் தெளிவாகப் பார்த்தாள். ஜெயித்தாகிவிட்டது! துள்ளி எழுந்து நின்றாள்.

இந்த ஆட்டத்தில் நடுவர் பார்த்துச் சொல்வதில்லை. பட்டவரேதான் கையைத் தூக்கி "ஹிட்!" என்று கத்த வேண்டும். கொண்டோ கத்தவில்லை. சருகுச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டார். அவளுடைய ஹெல்மெட்டில் 'டொக்' என்று கேட்டது.

"ஹிட்!" என்று கையைத் தூக்கினாள் மியாகோ.

வெளியே வந்ததும் மைதானத்துக்காரர் ஹிரானோவிடம் போய் நின்றாள். "நான்தான் முதல்ல சுட்டேன். அவர் மேல பட்டுச்சு. என் கண்ணால பாத்தேன்."

கொண்டோவின் முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா பேசுற? எட்டு வருஷமா ஆடுறேன். பட்டு நான் சொல்லாம விட்டதா ஒருத்தரச் சொல்லச் சொல்லு! பட்டா எனக்குத் தெரியாதா? ஒரு சத்தம் கேக்கல, ஒரு அடி விழல. உன் மிட்டாய் பாதி வழியிலேயே விழுந்திருக்கும்."

ஹிரானோ தர்மசங்கடத்தோடு கையைப் பிசைந்தார். "பட்டவங்க சொல்றதுதான் தீர்ப்பு, மியாகோ சான். அத மாத்தினா இந்த ஆட்டமே இல்ல."

"சரிங்க" என்றாள்.

மதியம் கறிச் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்த இருவர் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். தோற்றதைக்கூட அவள் விழுங்கிவிடுவாள். பொய் சொல்கிறவள் என்று பார்த்த அந்தப் பார்வையை விழுங்க முடியவில்லை. ஆனாலும் பரிசளிப்புக்கு முதல் வரிசையில் போய் நின்றாள். ஓடி ஒளிய அவள் என்ன தப்பு செய்தாள்?

கொண்டோ தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். பெரிய கடையொன்றில் செருப்புப் பிரிவுக்கு மேலாளர் அவர். மரியாதை செய்வதில் மட்டும் அவரிடம் கஞ்சத்தனமே கிடையாது. தலை முழங்காலைத் தொடுமோ என்று பார்க்கிறவர்கள் பயப்படும்படி குனிவார்.

ஹிரானோ நீட்டிய பித்தளைக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். அதை முன்னால் ஏந்தியபடியே, வழக்கம்போல இடுப்பு மடிய ஆழமாகக் குனிந்தார். தொங்கிக்கொண்டிருந்த தலைமூடி சரிந்து பின்மண்டையில் கவிழ்ந்தது.

'டிங்!'

கைதட்டல் நின்றுவிட்டது. கோப்பைக்குள் எதுவோ உருண்டு ஓய்ந்தது. குனிந்தபடியே உள்ளே பார்த்த கொண்டோ அசையவில்லை.

பிறகு, நிமிராமலே, கோப்பையை ஒரு கையால் மியாகோ பக்கம் நீட்டினார். அடியில் இளஞ்சிவப்பாக ஒரு குண்டு கிடந்தது.

மறு கையை உயரத் தூக்கி, காடே அதிரும்படி கத்தினார்:

"ஹிட்!"